ஆர்டன் நகரம் டிவி பார்க்கிறது

ஆர்டன், நெப்ராஸ்கா
செப்டம்பர் 12

வெய்லன்,

"அன்புள்ள" என்று போட மனசு வரவில்லை. பேரோடு நிறுத்திக்கொண்டேன்.

ஜூலையிலிருந்து உன் போனை நான் எடுக்கவில்லை. எடுத்தால் கத்துவேன், கத்தினால் தொண்டை கட்டும், தொண்டை கட்டினால் என் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க முடியாது. மின்னஞ்சலும் ஆகாது. அரசுக் கல்லூரியில் வேலை பார்க்கிறவர்கள் எழுதுவதை எந்தப் பத்திரிகைக்காரரும் மனுப் போட்டு வாங்கிப் படிக்கலாம். கூட்டணிப் பேச்சு கிளம்பியதிலிருந்து தினமும் மனு வருகிறது. போன வாரம் எங்கள் ஃபுட்பால் கோச் மனைவிக்கு அனுப்பிய மளிகைச் சாமான் விவரம்கூடப் பேப்பரில் வந்துவிட்டது. ஆகவே தபால்.

எங்கள் கூட்டணியில் எட்டுக் கல்லூரிகள் இருந்தன. அப்பா காலத்திலிருந்து ஒன்றோடொன்று விளையாடி, ஒன்றையொன்று திட்டி, ஆட்டம் முடிந்ததும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்த கூட்டணி. ஜூலையில் உன் மெரிடியன் சேனல் அதிலிருந்து பெரிய கல்லூரிகள் இரண்டை ஆசைகாட்டி, தான் ஒளிபரப்புகிற பெரிய கூட்டணிக்கு இழுத்துக்கொண்டது. அடுத்த வருஷம் அவர்கள் போகிறார்கள். மிச்சம் இருக்கிற ஆறு பேரும் யார் எந்த சேனலோடு ரகசியமாகப் பேசுகிறார்கள் என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தேர்தல் நேரத்துக் கட்சிகள்கூட எங்களிடம் பாடம் கேட்கலாம். அந்த சேனலில் உட்கார்ந்து அட்டவணை போட்டுக்கொடுத்தவன் என் கூடப் பிறந்தவன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இன்று காலை வெண்டல் ஓட்டே கூப்பிட்டனுப்பினார். இப்போது எங்கள் விளையாட்டுத் துறைக்கு அவர்தான் தலைவர்.

"உக்காரு ஜோலீன்."

"நின்னுக்கிட்டே கேக்கறேன், சொல்லுங்க."

"பெரிய கூட்டணியில இன்னும் ஒரு இடம் காலியா இருக்கு. அது நமக்குக் கிடைச்சா டிவிப் பணம் வரும், எல்லாரும் பிழைச்சோம். நவம்பர் கடைசியில வர்ற நன்றித் திருநாளுக்குள்ள கிடைக்கலன்னா ஃபுட்பாலை மட்டுந்தான் என்னால காப்பாத்த முடியும். உன் வாலிபால் இந்த சீசனோட சரி."

சொல்லிவிட்டு மேசையிலிருந்த சின்னமன் ரோலை என் பக்கம் நகர்த்தினார். எடுத்துக்கொண்டேன். கோபம் வேறு, ரோல் வேறு.

இருபத்தோரு வருஷமாக இந்த அணிக்கு நான் கோச். இதைத் தவிர எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாது. எனவே உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்த ஒரு இடத்துக்கு உங்கள் சேனல் யாரைப் பார்க்கிறது, எங்களை ஏன் பார்க்கவில்லை? உண்மையைச் சொல். ஆறுதல் வேண்டாம்.

ஜோலீன்


ஸ்டாம்ஃபோர்ட், கனெடிகட்
செப்டம்பர் 18

அன்புள்ள அக்கா,

நான் போட்டுவிட்டேன், பார். எனக்கு மனசு வந்தது.

நீ திட்டி எழுதிய கடிதத்தை மூன்று தரம் படித்தேன். உன் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது! ஆனால் ஒரு விஷயத்தில் என்மேல் பழி போடாதே. எந்தக் கல்லூரி எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்கிற அறைக்குள் எனக்கு நாற்காலியே கிடையாது. என் மேலதிகாரி பேக்ஸ்டரைக் கேட்டால், "நாங்க யாரையும் இழுக்கலப்பா. எங்களுக்கு எது பிடிக்கும்னு சொன்னோம், அவ்வளவுதான்" என்பார். அவர் தனக்குப் பிடித்ததைச் சொன்னால் நாட்டில் பாதிக் கல்லூரிகள் மூட்டை கட்டத் தொடங்கிவிடும். அது வேறு விஷயம்.

நீ கேட்ட உண்மை இதோ. யாரிடமும் சொல்லக்கூடாது. எங்களிடம் ஒரு வரைபடம் இருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் எத்தனை வீட்டுக் கேபிள் பெட்டிகள் எங்கள் சேனலில் ஓடுகின்றன, எவ்வளவு நேரம் ஓடுகின்றன என்று அது காட்டும். உங்கள் வெஸ்ட் ப்ளாட் கல்லூரி சொந்த ஊரில் விளையாடுகிற நாளில் ஆர்டன் கன்னங்கரேல் என்று இருக்கிறது. ஒரு வீட்டில்கூட டிவி ஓடுவதில்லை!

பேக்ஸ்டர் அதில் விரலை வைத்துக் கேட்டார்: "சொந்த ஊர்க்காரனே பாக்காத டீமை நான் எதுக்குப் பாக்கணும்?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சார், அவங்க எல்லாரும் ஸ்டேடியத்துல இருக்காங்க. ஊரே அங்கதான் இருக்கும். டிக்கெட் கிடைக்காதவன் வெளிய காரை நிறுத்தி சாசேஜ் சுட்டுக்கிட்டிருப்பான். வீட்ல யாரு இருப்பா?"

"ஸ்டேடியத்துல இருக்கறவன் என் கணக்குல இல்லாதவன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

இதுதான் அக்கா விஷயம். ஊர் மொத்தமும் அணியின்மேல் உயிரை விடுகிறது, அதனாலேயே கணக்கில் ஊரைக் காணோம். அக்டோபர் 5, வியாழன் மாலை உங்கள் ஃபுட்பால் ஆட்டத்தை நேரடியாகக் காட்டுகிறோம். அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஒரு இடத்தைத் தீர்மானிப்பார்கள். இன்னொரு தரம் சொல்கிறேன், இது உனக்கு மட்டும்.

உன்
வெய்லன்


ஆர்டன்
செப்டம்பர் 24

வெய்லன்,

யாரிடமும் சொல்லவில்லை. முடி வெட்டுகிற ஷெரிலிடம் மட்டும் சொன்னேன். தலையை அவள் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், கத்தரி காதோரம் போய்க்கொண்டிருக்கிறது, "என்னடி ஒரு மாதிரி இருக்கே?" என்று கேட்கிறாள். கத்தரி பிடித்திருக்கிறவளிடம் எப்படிப் பொய் சொல்வது?

மறுநாள் காலைக்குள் விஷயம் மெர்லுடைய தானியக் கிடங்குக்குப் போய்விட்டது. அங்கே காபி குடிக்கிற கூட்டத்தை உனக்குத் தெரியும். நான் போனபோது மாநாடே நடந்துகொண்டிருந்தது.

"அந்த டிவிக்காரனுக்கு நம்ம வீட்டுப் பெட்டி ஓடணும், அவ்வளவுதானே?" என்றார் மெர்ல்.

"அவ்வளவுதான்" என்றேன்.

"எதிர்ல ஆள் உக்காந்திருக்கானான்னு பெட்டிக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னு நினைக்கறேன்."

"அப்ப போட்டுட்டு ஸ்டேடியத்துக்குப் போவோம். இதுக்குப் போயி ஏம்மா முகத்தைத் தூக்கி வச்சிருக்கே?"

எனக்கு இது சரியாகப் படவில்லை. ஏமாற்று என்று எழுந்து நின்று சொல்லவும் வாய் வரவில்லை. அவரவர் வீட்டு டிவியை அவரவர் போடுகிறார்கள். கேட்க நாம் யார்? ஆனால் உன் பேக்ஸ்டருக்கு ஒன்று சொல். அறுவடைக் காலத்தில், வியாழக்கிழமை சாயங்காலம் ஆட்டம் வைக்கிறவனுக்கு வயலைப் பார்த்த அனுபவம் துளியும் கிடையாது. சோளம் வெட்டுகிற இயந்திரங்களை எல்லாம் பாதி வயலில் நிறுத்திவிட்டு வரப்போகிறார்கள்.

அக்கா


ஸ்டாம்ஃபோர்ட்
செப்டம்பர் 29

அக்கா! அக்கா! அக்கா!

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். வேண்டாம்! நிறுத்து! ஊரில் நூற்றுக்கு இருபது, முப்பது வீட்டில் ஓடினால் அதிசயம் என்று கொண்டாடுவார்கள். அத்தனை வீட்டிலும் ஓடினால் மோசடி என்று பிடித்துவிடுவார்கள். இங்கே இருக்கிற எண்கணக்குக்காரர்கள் முட்டாள்கள் இல்லை. ஆர்டனில் பிறந்தவன் இந்த அலுவலகத்தில் நான் ஒருத்தன்தான். வேறு யாரைச் சந்தேகப்படுவார்கள்?

மெர்லிடம் சொல். ஷெரிலிடம் சொல். அவளிடம் சொன்னால் எல்லாருக்கும் சொன்ன மாதிரி. முக்கால்வாசி வீடுகளில் அணைத்துவைக்கச் சொல். கெஞ்சிக் கேட்கிறேன்.

வெய்லன்


ஆர்டன்
அக்டோபர் 6

அன்புள்ள வெய்லன்,

ஜெயித்தோம்! கடைசி ஆறு வினாடியில் ஜெயித்தோம்! இந்த வருஷம் ஒரு பந்தைக்கூட ஒழுங்காகப் பிடிக்காத அந்த ஒல்லிப் பையன், மூன்று பேர் மேலே விழ, தலைக்கவசம் ஒரு பக்கம் பறக்க, கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தோடு கிடக்கிறான்! நான் ஃபுட்பால்காரி இல்லை என்பது உனக்குத் தெரியும். வெண்டலைக் கட்டிப்பிடித்து அவர் தொப்பியைத் தூக்கி எறிந்துவிட்டேன். யாருக்கும் வீட்டுக்குப் போகிற நினைப்பே இல்லை. கார் நிறுத்துமிடத்தில் அண்டா அண்டாவாக இறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லி கொதிக்கிறது, கல்லூரி பேண்டு வாசிக்கிறது, பாஸ்டர் லிண்ட்க்விஸ்ட் ஒரு லாரிமேல் ஏறி நின்று ஆடுகிறார்.

உன் கடிதம் வந்தது. சொன்னேன். "உன் தம்பி சின்ன வயசுலேருந்தே பயந்தாங்கொள்ளி" என்றார் மெர்ல். யாராவது ஒருத்தர் அணைக்க வேண்டும் என்றால், அந்த ஒருத்தர் தானாக இருக்க எவனும் தயாரில்லை. நம் ஊரைத்தான் உனக்குத் தெரியுமே. கூட்டாகச் சேர்ந்து சாப்பிடப் போனால் குறைவாகக் கொண்டுவந்தவர் என்ற பேரை யாரும் வாங்கமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு டிவி போட்டால் இவர் மாட்டுக் கொட்டகையில் இருக்கிற பழைய பெட்டியையும் சேர்த்துப் போடுகிறார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நான் வீடு திரும்பியபோது என் டிவியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆமாம், நானும் போட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். ஃபுட்பால் முடிந்து வேறு ஏதோ போய்க்கொண்டிருந்தது. அணைக்கக் கையை நீட்டினேன். திரையில் என் பெண்கள்! செப்டம்பரில் நாங்கள் ஆடிய ஆட்டத்தின் பதிவு! கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று முழுவதும் பார்த்தேன். டிவியில் அவர்கள் எவ்வளவு அழகாகக் குதிக்கிறார்கள், வெய்லன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா


ஸ்டாம்ஃபோர்ட்
அக்டோபர் 11

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி.

முதலில் கெட்ட செய்தி. வெள்ளிக்கிழமை காலை கூட்டத்தில் ஆர்டன் கணக்கைத் திரையில் போட்டார்கள். வரைபடத்தில் உங்கள் ஊர் அடுப்புக் கங்கு மாதிரி சிவந்து கிடக்கிறது. பேக்ஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஊர்ல இருக்கற அத்தனை வீட்லயும் டிவி ஓடுது. ஸ்டேடியத்துல அத்தனை சீட்லயும் ஆள் இருக்கு. இவங்களுக்கு என்ன, ஆளுக்கு ரெண்டு உடம்பா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் மேசைக்கு அடியில் பேனாவைத் தேடினேன். அந்த ஒரு இடத்தை லேக்ஹர்ஸ்ட் கல்லூரிக்குக் கொடுக்கலாம் என்று பேச்சைத் தொடங்கிவிட்டார்கள். பெரிய நகரம், நிறைய வீடு. அந்தக் கல்லூரியின் பேரே அங்கே பாதிப்பேருக்குத் தெரியாது. ஆனாலும் வீடு நிறைய.

இப்போது மற்றது. ஃபுட்பால் முடிந்ததும் நாங்கள் போட வேண்டிய நிகழ்ச்சி ஏதோ காரணத்தால் தயாராகவில்லை. கையில் கிடைத்த பழைய பதிவைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். அதுதான் நீ பார்த்தது. நீங்கள் எல்லாரும் லாரிமேல் ஆடிக்கொண்டிருந்தீர்கள். ஒருத்தரும் வீட்டுக்குப் போய் டிவியை அணைக்கவில்லை. விளைவு என்ன தெரியுமா? அந்த நேரத்தில், ஒரு ஊரில், பெண்கள் வாலிபாலுக்கு இப்படி ஒரு ரேட்டிங் இந்த சேனல் ஆரம்பித்த நாளிலிருந்து வந்ததே இல்லை!

நான் எழுந்து நின்று, "சார், அதுவும்..." என்று இழுத்தேன். பேக்ஸ்டர் கையைக் காட்டி உட்காரவைத்துவிட்டார். "ஃபுட்பாலுக்குத் திட்டம் போட்டு ஏமாத்துவாங்க. வாலிபாலுக்கு எவன்யா திட்டம் போடுவான்? இது நிஜம்!"

அக்கா, மாடி முழுக்க இதே பேச்சு. வார நாள் மாலைகளில் காட்டுவதற்கு எதுவும் இல்லாமல் அல்லாடிக்கொண்டிருக்கிறார்கள். வாலிபாலுக்குச் செலவு கம்மி. உன் அணியைப் பற்றி என்னிடமே விசாரிக்கிறார்கள். இப்படியே வாயை மூடிக்கொண்டு இருந்தால் உன் அணி பிழைத்துவிடும். மூடிக்கொள்ளட்டுமா?

வெய்லன்


ஆர்டன்
அக்டோபர் 14

வெய்லன்,

படித்ததும் குதித்தேன். நிஜமாகவே சமையலறையில் நின்று குதித்தேன். ஒரு நிமிஷம்.

அப்புறம் பயிற்சிக்குப் போனேன். டெஸ்ஸா கோலார் என்று ஒரு பெண், பந்தை எடுத்துக்கொடுப்பவள். முழங்கையெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது. ஏன் இப்படி விழுந்து விழுந்து எடுக்கிறாய் என்றேன். "டிவியில போட்டாங்களே கோச், என் தங்கச்சி பாத்தாளாம்" என்றாள். அவளுடைய அந்தத் தங்கை ஒருத்தி பார்த்திருக்கிறாள். மிச்சமெல்லாம் காலி நாற்காலியும் ஷெரில் வீட்டுப் பூனையும்தான். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இவளை எப்படி நிமிர்ந்து பார்ப்பேன்?

மூடிக்கொள்ளாதே. போய்ச் சொல். அத்தனையும் சொல், ஊரே டிவியைப் போட்டுவிட்டுப் போனதிலிருந்து. சொல்லிவிட்டு ஒரே ஒரு ஆட்டம் கேள், நேரடி ஒளிபரப்பு. நிஜமாக எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். யாரும் பார்க்கவில்லை என்றால் நானே ஜிம் கதவைப் பூட்டிவிட்டு வருகிறேன். ஹோல்கம் உயர்நிலைப் பள்ளியில் ஒரு கோச் வேலை இருக்கிறதாம், விசாரித்து வைத்திருக்கிறேன்.

நீ சொல்லாவிட்டால் நான் பேக்ஸ்டருக்கு எழுதுவேன். என் கையெழுத்து எவ்வளவு பெரிசு என்று உனக்குத் தெரியும்.

அக்கா


ஸ்டாம்ஃபோர்ட்
அக்டோபர் 19

அக்கா,

சொல்லிவிட்டேன்.

உள்ளே போனேன், கதவைச் சாத்தினேன், ஷெரிலின் கத்தரியிலிருந்து மாட்டுக் கொட்டகை டிவி வரைக்கும் கொட்டிவிட்டேன். பேக்ஸ்டர் முதலில் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"யாரு பாக்கறாங்கங்கறது எனக்கு எப்பவுமே முக்கியமில்ல வெய்லன். பெட்டி ஓடுதாங்கறதுதான். ஆனா இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சே! விளம்பரக்காரன் முகத்தைப் பாத்து எப்படிப் பேசுவேன்? எதுக்குடா வந்து சொன்னே?"

"எங்க அக்கா சொல்லச் சொன்னா சார்."

"உங்க அக்கா யாரு?"

"அந்த டீமோட கோச்."

திரும்பவும் சிரிப்பு. கடைசியில் கொடுத்துவிட்டார், அக்கா! அக்டோபர் 25, மாலை ஏழு மணி, நேரடி ஒளிபரப்பு. எதிரணி டன்மோர். ஆமாம், உங்கள் கூட்டணியை விட்டுப் போகிற அதே டன்மோர். உன் சட்டையில் ஒலிவாங்கி மாட்டுவார்கள். இடைவேளைகளில் நீ பெண்களிடம் என்ன பேசுகிறாய் என்று மக்கள் கேட்பார்களாம். கணக்கு தேறாவிட்டால் நான் மேசையைக் காலி பண்ண வேண்டும் என்றும் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பயமாக இருக்கிறது. ஆனால் இந்த வேலையில் இவ்வளவு சந்தோஷமாக ஒரு நாளும் வீட்டுக்கு நடந்து வந்ததில்லை.

வெய்லன்


ஆர்டன்
அக்டோபர் 22

டேய்,

அக்டோபர் 25 புதன்கிழமை. புதன்! நீ இந்த ஊரில்தான் பிறந்தாயா? புதன் மாலை சர்ச் மாலை. பள்ளிக்கூடம்கூட அன்றைக்கு ஒன்றும் வைக்காது. பிள்ளைகள் எல்லாம் ஞானோபதேச வகுப்பில், பெற்றவர்கள் எல்லாம் சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு பரிமாறிக்கொண்டு. இந்த மாநிலத்தில் பாதி ஊர் அப்படித்தான். வாரத்தில் ஏழு நாள் இருக்க, டிவி முன்னால் ஒருத்தரும் இல்லாத நாளைப் பார்த்து வாங்கிக்கொடுத்திருக்கிறாயே, என் ராஜா.

போகட்டும். கிடைத்ததை விடமாட்டேன். உள்ளூர் வானொலியில் நானே பேசிவிட்டேன்: "ஆள் இல்லாத வீட்ல டிவி ஓடக் கூடாது. ஜிம்முக்கு வர்றவங்க அணைச்சுட்டு வாங்க. பாக்கறவங்க உக்காந்து பாருங்க. பூனைக்கெல்லாம் போடாதீங்க." மெர்ல் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

பாஸ்டரிடம் எதுவும் கேட்கமாட்டேன். கடவுளோடு போட்டி போடுகிற அளவுக்கு நான் இன்னும் வளரவில்லை.

அக்கா


ஆர்டன்
அக்டோபர் 26

அன்புள்ள வெய்லன்,

தோற்றோம்.

முதல் இரண்டு செட் அவர்களுக்கு. மூன்றும் நான்கும் எங்களுக்கு. ஐந்தாவதில் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம், அப்புறம் சமம், அப்புறம் அவர்கள், அப்புறம் சமம். ஜிம்மின் கூரை பிய்த்துக்கொண்டு போகும் போலக் கத்தல். டெஸ்ஸா விளம்பரப் பலகையைத் தாண்டி விழுந்து எடுத்த பந்து வலைக்கு மேலே போனது, நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஒரு விரல் அளவு வெளியே விழுந்தது. முடிந்தது.

ஒலிவாங்கி இருப்பதை முதல் செட்டிலேயே மறந்துவிட்டேன். என்னென்ன பேசினேனோ தெரியாது. மூன்றாவது செட்டுக்கு முன்னால் கூப்பிட்டுத் திட்டியது மட்டும் நினைவிருக்கிறது. "அவங்க நம்மளை விட்டுட்டுப் போறவங்கடி! போறவங்களுக்குக் கதவைத் திறந்துவிடறீங்களா? வாசல்ல நின்னு ரெண்டு கேள்வி கேளுங்கடி!" இதெல்லாம் டிவியில் வந்திருந்தால் வெண்டல் முகத்தில் எப்படி முழிப்பேன்?

பாஸ்டர் லிண்ட்க்விஸ்ட் விஷயம் ஆட்டத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஜெபம் சொல்லி முடித்ததுமே வகுப்பைக் கலைத்துவிட்டாராம். "இன்னைக்குப் பாடம் வீட்ல. குடும்பத்தோட ஒண்ணா உக்காந்து ஒரே விஷயத்தைப் பாருங்க. அடுத்த வாரம் கேள்வி கேப்பேன்." நான் கேட்கவே இல்லை, வெய்லன். அவராகவே செய்தார்.

பெண்கள் உடை மாற்றுகிற அறையில் அழுதார்கள். நானும் அழுதேன். இன்று காலை ஹோல்கம் பள்ளிக்குப் போன் செய்து, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வெண்டலிடமும் சொல்லிவிட்டேன். உன் மேசை என்ன ஆயிற்று? என்னால் உனக்கு வேலை போயிருந்தால் இங்கே வந்துவிடு. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

அக்கா


ஸ்டாம்ஃபோர்ட்
அக்டோபர் 30

அக்கா,

ஹோல்கமுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல். இப்போதே. கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்ச் சொல்லிவிட்டு வா.

சொல்லிவிட்டாயா? இப்போது கேள். ஆர்டனில் நல்ல கணக்கு, ஆனால் அது பெரிதில்லை. உங்கள் ஊருக்கு வெளியே பார்! நான் பேரே கேள்விப்படாத ஊர்கள். டகோட்டா எல்லையில், கான்சாஸில், அயோவாவில், நாற்பது வீடு, ஐம்பது வீடு இருக்கிற ஊர்களில் எல்லாம் வரைபடத்தில் விளக்கு விளக்காக எரிகிறது. அந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் ஆடுகிற ஒரே ஆட்டம் வாலிபால். இத்தனை வருஷமாக அதை டிவியில் காட்ட யாருக்கும் தோன்றவில்லை! முதல் செட்டைவிட இரண்டாவதில் கூட்டம், இரண்டாவதைவிட மூன்றாவதில். நீ தோற்ற அந்தக் கடைசிப் பந்து விழுந்த நேரத்தில்தான் உச்சம். எங்கள் எண்கணக்குக்காரர்கள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்கள். இரண்டு சேனல் தள்ளி ஆண்கள் ஃபுட்பால் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதை நீங்கள் தாண்டிவிட்டீர்கள்! ஒரு பூனையின் துணைகூட இல்லாமல்!

இன்னொன்று. நீ இடைவேளையில் திட்டியது இருக்கிறதே, அந்தத் துண்டை வெட்டி நாடு முழுக்க அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். "வாசல்ல நின்னு ரெண்டு கேள்வி கேளுங்கடி" என்று லிஃப்டில் இரண்டு பேர் சொல்லிக்கொண்டு போகிறார்கள். பேக்ஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "வர்ற வருஷம் வாராவாரம் எனக்கு இது வேணும். இந்த அம்மா இருக்கணும். இவங்க இல்லாம வேண்டாம்" என்றார். அப்போதுதான் போன் வந்தது. லேக்ஹர்ஸ்ட் கடைசி நிமிஷத்தில் வேறொரு சேனல் பின்னால் போய்விட்டது. பேக்ஸ்டர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. பெரிய கூட்டணியின் தலைவரை அழைத்து, தனக்கு என்ன பிடிக்கும் என்று மட்டும் சொன்னார்.

என் மேசையில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். என்ன நடந்தாலும் உடனே எழுது. இல்லை, எழுதாதே, போன் செய். கத்தினாலும் பரவாயில்லை.

வெய்லன்


ஆர்டன்
நவம்பர் 4

அன்புள்ள வெய்லன்,

போன் செய்யப் போவதில்லை. இதை நீ காகிதத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நேற்றுப் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது வெண்டல் ஓட்டே ஜிம்முக்குள் வந்தார். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் இந்தக் கதவைத் தாண்டி வந்து நான் பார்த்ததில்லை. கோட்டு, டை, பளபளவென்று பூட்ஸ். அந்த பூட்ஸோடு ஆடுகளத்தில் கால் வைக்கப் பார்த்தார். கழற்றச் சொன்னேன். கழற்றினார். ஒரு காலுறையில் கட்டைவிரல் தெரிந்தது.

"அழைப்பு வந்திருச்சு ஜோலீன்."

"நல்லது."

"வாலிபாலுக்கு வந்திருக்கு. நீ கோச்சா இருந்தாத்தானாம். நீ ஹோல்கமுக்குப் போறேன்னா அவங்களுக்கு நாமளே வேண்டாமாம்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஃபுட்பாலையும் சேத்துக்கறாங்க. நீ சம்மதிச்சா."

ஹோல்கமுக்கு நான் காலையிலேயே வரவில்லை என்று சொல்லிவிட்டது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

"என்ன சொல்றே ஜோலீன்? எங்களையும் கூட்டிக்கிட்டுப் போவியா?"

பெண்கள் பதினாறு பேரும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்கள். டெஸ்ஸா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு வெண்டலைக் கட்டிப்பிடித்துச் சுற்ற வேண்டும் போல இருந்தது. ஆனால் இருபத்தோரு வருஷத்தில் முதல்முறையாக எனக்காக ஒருத்தர் காத்திருக்கிறார். அதைச் சீக்கிரம் முடிக்க மனசு வரவில்லை.

"எனக்குச் சில நிபந்தனை இருக்கு. புதன்கிழமை ஆட்டம் கிடையாது. தேர்வு வாரத்துல என் பொண்ணுங்க விமானம் ஏறமாட்டாங்க. அதை அந்த டிவிக்காரங்க எழுத்துல கொடுக்கணும்" என்றேன்.

"கேக்கறேன். இன்னைக்கே கேக்கறேன். பதில்?"

"பயிற்சி முடியட்டும், சொல்றேன்."

பந்துக் கூடையை அவரிடம் நீட்டினேன். அந்த மனுஷன், டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, காலுறையோடு வழுக்கி வழுக்கி, என் பெண்கள் அடிக்கிற பந்தையெல்லாம் பயிற்சி முடிகிற வரைக்கும் பொறுக்கிப் போட்டார். ஒருத்திகூட மெதுவாக அடிக்கவில்லை. கடைசிப் பந்தைக் கூடையில் போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சரி வெண்டல்" என்றேன். "உங்க ஃபுட்பால் பசங்களையும் எங்க பஸ்ல ஏறச் சொல்லுங்க."

அக்கா